இருபதில் இடுப்பு... ஐம்பதில் தொப்பை! ஏன்?

– இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்



எரிபொருள், கலோரி, திறன் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். செமஸ்டரில் எழுதியும் விடுகிறோம். ஆனால் நாம் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கும் இந்த உடம்பு என்ற எஞ்சினுக்கு எரிபொருள் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறோம். அந்த டேங்குக்குப் பெயர்தான் கொழுப்பு. "உனக்கு ரொம்பக் கொழுப்புடா!" என்று வகுப்பில் திட்டிக்கொள்கிறோமே, அதேதான்!

வீட்டில் இருக்கும் பழைய கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான அப்பாக்கள் அதில் ஒல்லியாகத்தான் நிற்பார்கள். இன்றைக்கும் கையும் காலும் ஒல்லிதான். வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. "அவர் சாப்பிடறது அதே அளவுதான்" என்பார் அம்மா. அப்படியானால் இந்தத் தொப்பை எங்கிருந்து வந்தது?

கொழுப்பு குப்பை அல்ல

ஒரு கிராம் மாவுச்சத்தில் சுமார் 4 கிலோ கலோரி. ஒரு கிராம் கொழுப்பில் 9. குறைந்த எடையில் அதிக ஆற்றல்! அதனால்தான் உடம்பு மீதியானதைக் கொழுப்பாக மாற்றி, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு செல்களில் சேர்த்து வைக்கிறது. சுவீடன் நாட்டின் கரோலின்ஸ்கா நிறுவன விஞ்ஞானிகள் 2008-ல் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட நம்ம வயதிலேயே முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு செல்கள் அழிந்து, அதே அளவுக்குப் புதியவை வருகின்றன.

ஏரியும் வயிறும்

நம்ம வேங்கிக்கால் ஏரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏரிக்குத் தண்ணீர் வர வரத்துக்கால், வெளியே விட மதகு, பாய்வதற்கு வயல். சாப்பாடுதான் வரத்து. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புதான் ஏரி. எரிந்து செலவாவது மதகு வழி. தசைதான் வயல். வயது ஏற ஏற இதில் மூன்று மாற்றங்கள் வருகின்றன.

ஒன்று, மதகு சுருங்குகிறது. அதே சுவீடன் குழுவினர் 54 பேரைச் சராசரியாக 13 வருஷம் கவனித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். எடை கூடியவர், குறைந்தவர் எல்லோருக்குமே கொழுப்பு செல்லிலிருந்து கொழுப்பு வெளியேறும் வேகம் குறைந்திருந்தது. அதற்கு ஏற்றபடி சாப்பாட்டைக் குறைக்காதவர்களுக்கு எடை சராசரியாக நூற்றுக்கு 20 பங்கு ஏறியது. "அதே அளவுதான் சாப்பிடறார்" என்று அம்மா சொன்னது உண்மைதான். சிக்கலும் அங்கேதான்!

இரண்டு, ஏரியில் வண்டல் சேருகிறது. தோலுக்கு அடியில் புதிய செல்களை உண்டாக்கும் சக்தி குறைய, கொள்ளளவும் குறைகிறது. கன்னம் ஒட்டுகிறது, கையில் நரம்பு தெரிகிறது. இடம் இல்லாத கொழுப்பு கலங்கல் தாண்டி ஊருக்குள் புகுந்த வெள்ளம் மாதிரி குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், தசைக்குள்ளும் போய் உட்காருகிறது. கைகால் ஒல்லியாக இருக்க, வயிறு மட்டும் பெருக்கும் ரகசியம் இதுதான்.

மூன்று, வயல் சுருங்குகிறது. 30 வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை கரைகிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகம் வாங்கிச் செலவு செய்வது தசைதான்.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும்வரை கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தங்குகிறது. மாதவிலக்கு நின்றபின் அதுவும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது.

"வயசானா உடம்பு எரிக்காதுப்பா" என்று முப்பது வயதிலேயே சிலர் சாக்கு சொல்வார்கள். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்த 2021 ஆய்வு அதை மறுக்கிறது. எடையையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 முதல் 60 வயதுவரை எரிக்கும் வேகம் மாறுவதே இல்லை!

நமக்கு ஏன் கூடுதல் கவலை?

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு நேராகக் கல்லீரலுக்கு வடிகிறது. இன்சுலின் சொல்பேச்சை உடம்பு கேட்காமல் போகிறது. பிறகு சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு என வரிசையாக வந்து நிற்கின்றன.

இந்தியர்களாகிய நமக்கு இந்த ஏரியே கொஞ்சம் சின்னது. புனே நகர டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்று 2004-ல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, நம்மவருக்கு 21.2! பிறக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது என்று காட்டியதும் யாஜ்னிக் குழுதான். புனே கிராமக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவாக இருந்தது. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல்! பெரியவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 40 பேருக்கு வயிற்றுப் பருமன்! ஆக, "நான் ஒல்லிடா, எனக்கென்ன" என்று நாம் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

என்ன செய்யலாம்?

எடை மெஷினை விட இஞ்ச் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். (வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் அது காப்பி அடித்த மார்க் மாதிரி!) ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. இந்த வாரமே அப்பா, அம்மாவுக்கு அளந்து பாருங்கள். தாண்டியிருந்தால் சர்க்கரை, பிரஷர் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நமக்கு வேண்டியது தசை. தண்டாலும் பஸ்கியும் போட ஒரு பைசா செலவில்லை. இரவு பரோட்டாவைக் குறைத்து, சுண்டல், பயறு, முட்டை, ஒரு கை அவித்த மல்லாட்டை என்று சேர்க்கலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பது நல்லதுதான். மீதி நாட்களிலும் அரை மணி நேரமாவது நடந்தால்தான் பலன். ஒரு நல்ல சேதி என்னவென்றால், நடக்கத் தொடங்கினால் எடை பெரிதாகக் குறையாவிட்டாலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு கரையும். அப்பாவுக்கும் காலம் கடந்துவிடவில்லை!

வயது ஏறுவதை யாராலும் தடுக்க முடியாது. கொழுப்பு எங்கே தங்க வேண்டும் என்பதில் மட்டும் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. ஐம்பதில் வரப்போகிற வெள்ளத்துக்குக் கரை கட்ட வேண்டிய வயது இதுதான்.

இருபதில் கட்டாத கரை ஐம்பதில் தாங்குமா? சிந்திப்போம், நண்பர்களே!