கோயிலும் காட்சிக்கூடமும்

ஒரு பொருள் நிற்கும் இடம் மாறுமாயின் அதனை நாம் காணும் முறையும் மாறும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இதற்குத் தக்க சான்றாகும். 1851-இல் தோன்றிய அக்காட்சியகத்தின் வளாகத்துச் செந்நிறக் கட்டடம், விக்டோரியா அரசியின் நினைவாக 1906-இல் கால்கோளிடப்பெற்று 1909-இல் திறக்கப்பெற்றது. ஹென்றி இர்வின் வரைந்த அது, தமிழகக் கோயிற்கலையைத் தழுவாது முகலாயர் கட்டடக்கலையைத் தழுவியது. அரசியின் நினைவு மண்டபமாகிய அதுவே 1951-இல் தேசியக் கலைக்கூடமாயிற்று.

இவ்வாறே பயன் மாறப்பெற்றது, அவ்வளாகத்துச் செப்புத்திருமேனிகளுள் ஒன்றாகிய திருவாலங்காட்டு ஆடவல்லான் திருவுருவம். வழிபாட்டிற்கென வார்க்கப்பெற்ற அது, இன்று கலைப்பொருளாய்க் காணப்பெறுகின்றது. அம்பத்தூர், ஆவடி வழியே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த திருவாலங்காடு, காரைக்காலம்மையார் மூத்த திருப்பதிகம் பாடிய தலம். ஐந்து மன்றங்களுள் இரத்தினசபை எனப் போற்றப்பெறுவது.

கோயிலில் விழாத்திருமேனியை ஆடையும் அணியும் மலரும் மறைக்கும். காட்சிக்கூடத்திலோ தோளின் அகலமும் இடையின் ஒசிவும் ஊன்றிய காலின் உறுதியும் ஒருங்கே புலனாகும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இதன் ஒளிப்படங்களைக் கண்டு வியந்தெழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1921-இல் வெளிவந்தது.

காலமுறையை ஆராயவும் காட்சிக்கூடம் துணைபுரியும். இத்திருமேனி கி.பி. 11, 12-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்பர். துடி படைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என விளக்கும் உண்மை விளக்கமோ 13-ஆம் நூற்றாண்டினது. ஆதலின் அந்நூலைக் கொண்டே சிற்பி இவ்வுருவத்தை வடித்தார் எனல் பொருந்தாது. இக்கருத்தின் பழைய வழக்கைத் திருமந்திரம் முதலியவற்றில் நாடுதல் வேண்டும்.

எனினும் காட்சிக்கூடம் தாராதனவும் உள. இத்திருமேனியைச் சூழ்ந்திருத்தற்குரிய திருவாசி இன்று இல்லை. மேலும், இஃது இடக்காலைக் குறுக்கே தூக்கியாடும் ஆனந்த தாண்டவம். திருவாலங்காட்டுத் தலமரபு போற்றுவதோ காலை வானோக்கி உயர்த்திய ஊர்த்துவ தாண்டவம். அம்மையார் பாடிய ஆடல், பேய்கள் சூழ்ந்த சுடுகாட்டில் நிகழ்வது. அக்காட்டின் அச்சமும் அம்மையாரின் அன்பும் காட்சிக்கூடத்தின் சுவர்களுக்குள் தோன்றா.

காட்சிக்கூடத்தை மட்டும் கண்டார் இவ்வேறுபாட்டினை அறியார். கோயிலை மட்டும் கண்டார் சிற்பியின் திறனை முற்றும் உணரார். அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் வாழும் மாணவர்க்குக் கிழக்கே காட்சிக்கூடம், மேற்கே தலம். பதிகத்தைக் கற்று இரண்டையும் கண்டு ஒப்பிடுதல், இலக்கியம் பயில்வார்க்கு இன்றியமையாத கடமையாகும்.