கரியில் கறி சுடப் போறீங்களா? இதைக் கவனிங்க!

விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, 'மூட்டம்' போட்டுக் கரி எடுக்கிறார்கள். காற்று குறைவாகப் போவதால் விறகு சாம்பலாகாமல் கரியாகிறது. கறி சுடும்போதும் காற்றுதான் முக்கியம்.

எதை வாங்கலாம்?
நன்றாக வெந்த கரி எடை குறைவாக இருக்கும். தட்டினால் கணீரென்று சத்தம் வரும். பழுப்பாக, கனமாக இருந்தால் அரைகுறையாக வெந்தது. புகை கண்ணைக் கரிக்கும்.

சூட்டை எப்படிக் கட்டுப்படுத்துவது?
பற்ற வைத்ததும் கறியை வைக்காதீங்க. கரி மேல் வெள்ளைச் சாம்பல் படரட்டும். புகையில் மெதுவாக வேக, கரியை ஒரு பக்கமும் கறியை மறுபக்கமும் வைத்து மூடுங்க. காற்றுத் துளையைக் குறைத்தால் சூடு இறங்கும். 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் போதும்.

ஆபத்து என்ன?
மழை வந்தாலும் அடுப்பை வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமோ வாசனையோ இல்லாத இந்த வாயு, மூடிய அறையில் உயிரையே பறிக்கும்.

ஆனைக்குட்டம் போன்ற பட்டாசுப் பகுதிகளில் இன்னும் கவனம் தேவை. கருமருந்து என்பதே 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம்தான். ஒரு பொறி போதும். பட்டாசு, மருந்து இருக்கும் இடத்தின் பக்கமே அடுப்பு வேண்டாம். சமைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கங்கு அணைந்ததை உறுதி செய்த பிறகே சாம்பலைக் கொட்டுங்க.