தண்ணீர்க்குடம் உடைந்து பச்சை நிறம் தெரிந்தால்...

"புள்ள வயித்துக்குள்ளேயே வெளிக்குப் போயிட்டாம்." பிரசவ வீட்டுச் செய்தியாக இதை நான் சிறு வயது முதல் கேட்டு வருகிறேன். அடுத்த கேள்வி எப்போதும், "உம்மாக்காரி என்னத்தச் சாப்பிட்டாள்?" என்பதுதான். என் தங்கையிடமும் அதையே கேட்டார்கள்.

அவளுக்கு நாள் கணக்கு முடிந்து ஒரு வாரம் கடந்திருந்தது. கிளினிக்கில் சொன்ன திகதியில் வார்டில் போய்ப் படுக்க அவளுக்கு மனமில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒருநாள் சுபஹுக்குப் பிறகு தண்ணீர்க்குடம் உடைந்தது. துணியில் பச்சையும் மஞ்சளுமாகப் படிந்திருந்ததை நானும் பார்த்தேன். "வலி இன்னும் வரல்லையே, ஆறுதலாகப் போவோம்" என்றார் அவளுடைய மாமி. விஞ்ஞானம் படிப்பிக்கும் நானும் தலையாட்டினேன். வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது லுஹர் ஆகிவிட்டது. பிள்ளை பிறந்ததும் அழவில்லை. பாங்கு சொல்லக் காத்திருந்த வாப்பாவிடம் கொடுக்காமலே விசேட சிசுப் பராமரிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

பிள்ளையின் குடலில் பிறக்கும் முன்பே கரும்பச்சை நிறத்தில், தார் போல ஒட்டும் மலம் சேர்ந்திருக்கும். இதுதான் மெக்கோனியம். பிள்ளை விழுங்கிய கருப்பை நீர், சளி, உதிர்ந்த தோற்கலங்கள், பித்தம் ஆகியவை சேர்ந்து உண்டாவது. தாய் சாப்பிட்ட எதுவும் இதற்குக் காரணமல்ல. வழமையாகப் பிறந்து ஓரிரு நாட்களுக்குள் வெளியேறும். நாள் கடந்த பிள்ளைகளிலும், வயிற்றுக்குள் ஒட்சிசன் குறைந்து திணறும் பிள்ளைகளிலும் முன்னதாகவே வெளியேறிக் கருப்பை நீரில் கலந்துவிடலாம்.

கலந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றில்லை. நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 10 முதல் 15 வரை நீர் இப்படி நிறம் மாறியிருக்கும். அந்தப் பிள்ளைகளிலும் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் நோய் வருகிறது. ஆனால் அந்தச் சிலருக்கு அது கடுமையாகலாம். திணறும் பிள்ளை ஆழமாக மூச்சிழுக்கும்போது மலம் கலந்த நீர் சுவாசக் குழாய்களுக்குள் போகிறது. சில குழாய்கள் முழுதாக அடைபடும். சிலவற்றில் காற்று உள்ளே போகும், வெளியே வராது. அப்படித் தேங்கும் காற்றினால் நுரையீரலில் ஓட்டை விழுவதும் உண்டு. நுரையீரல் சுருங்கிப் போகாமல் காக்கும் இயற்கைப் பூச்சையும் மெக்கோனியம் கெடுத்துவிடுகிறது. பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கும், நெஞ்சு உள்ளிழுக்கும், உதடு நீலமாகும்.

"பிறந்த உடனே உறிஞ்சி எடுத்திருந்தால் சரியாகியிருக்கும்" என்று மாமி வைத்தியர்களைக் குறை சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறு செய்ததும் உண்மை. 2000, 2004 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அதனால் பலனில்லை என்று காட்டின. 2015 இல் சர்வதேச வழிகாட்டல்கள், சோர்ந்து பிறக்கும் பிள்ளைக்கும் வழமையாகக் குழாய் விட்டு உறிஞ்சத் தேவையில்லை என்றன. குழாய் அடைபட்டிருந்தால் மட்டும் உறிஞ்சுவார்கள். முதல் நிமிடத்தில் மூச்சுக் கொடுப்பதே முக்கியம். பிறகு ஒட்சிசன், தேவையானால் செயற்கைச் சுவாச இயந்திரம்.

எங்கள் கையில் இருப்பது அதற்கு முந்திய நேரம்தான். நீர் பச்சையாகவோ கபில நிறமாகவோ தெரிந்தால் வலிக்குக் காத்திராமல் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். துணியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிள்ளையின் துடிப்பு குறைந்தாலும் அப்படித்தான், இரவானாலும் சரி. திகதி கடந்தால் வார்டுக்கு வரச் சொல்வது சும்மா அல்ல. வலி வரட்டும் என்று வீட்டில் ஆமணக்கெண்ணெய், கசாயம் கொடுப்பது வேண்டாம்.

தங்கையின் மகன் ஒன்பது நாட்கள் அங்கே இருந்தான். மூன்றாம் நாள் தாதி அனுமதித்தபோது, கையைக் கழுவிவிட்டு, கண்ணாடிப் பெட்டியருகே நின்று வாப்பா மெதுவாகப் பாங்கு சொன்னார். உம்மா பேரீச்சம்பழத்தோடு வந்திருந்தார். வேகமாக மூச்சு வாங்கும் பிள்ளைக்கு வாயால் எதுவும் கொடுக்க முடியாது, பால்கூடக் குழாயால்தான் என்று தாதி சொல்லிவிட்டார். அந்தப் பழம் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் நாவில் பட்டது.