தோட்டத்துத் தேனீக்களும் நம் கேமராவும்

திருவனந்தபுரத்தில் இன்று மொட்டை மாடியில் காய்கறி வளர்க்காத தெருவே இல்லை எனலாம். நம் நண்பர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு பாகல், பூசணி, கத்தரி என்றுதான் போகிறது. அந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: “செடி நன்றாக வளர்கிறது, பூவும் நிறையப் பூக்கிறது, காய்தான் பிடிக்கவில்லை.” உடனே ஒருவர் உரம் சொல்வார்; இன்னொருவர் பூச்சிமருந்து சொல்வார். நான் சொல்வது வேறு. கேமராவையோ கைப்பேசியையோ எடுத்துக்கொண்டு மூன்று நாள் காலையில் அந்தப் பூவின் அருகே உட்காருங்கள். யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்பதைப் படம் பிடியுங்கள். பெரும்பாலும் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் பறந்து போகாது. ஏதாவது ஒரு பூச்சி ஆண் பூவில் புரண்டு, அந்தத் தூளோடு பெண் பூவின் சூல்முடியில் போய் உட்கார்ந்தால்தான் காய் உண்டு. இல்லாவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். இதற்கு எந்த உரமும் மருந்தாகாது.

நம் தோட்டத்துக்கு வரும் விருந்தினர்களை முதலில் தெரிந்துகொள்வோம். பொந்துகளிலும் பெட்டிகளிலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் இந்தியத் தேனீ ஏறக்குறைய 1 செ.மீ. நீளம். செடிக் கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ அதைவிடச் சிறியது. உயர்ந்த மரங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் பெரிய அடை தொங்கவிடுவது மலைத் தேனீ. எல்லாவற்றிலும் சிறியது, 4 மி.மீ. அளவே உள்ள கொசுத் தேனீ. மலையாளிகள் ‘செறுதேனீச்ச’ என்பது இதைத்தான். இதற்குக் கொட்டத் தெரியாது. பழைய வீட்டுச் சுவர் விரிசலிலும் மின் மீட்டர் பெட்டியிலும் குடியிருந்து, வாசலில் பிசினால் ஒரு சிறு குழாய் வைத்திருக்கும். இந்த வகையில் ஓர் இனத்துக்கு 2019-ல் நம் திருவிதாங்கூரின் பெயரையே சூட்டி, ‘டெட்ராகொனூலா திராவன்கோரிகா’ என்று அறிவியலில் பதிவு செய்தார்கள்.

கூட்டமாக வாழாத தேனீக்களும் உண்டு. வயிற்றில் நீல வளையங்கள் மின்னும் நீலவரித் தேனீ, ரோஜா இலையை வட்டமாக நறுக்கிக்கொண்டு போகும் இலைவெட்டித் தேனீ, மரத்தைத் துளைத்து வீடு கட்டும் பெரிய கருவண்டு ஆகியவை தனித்தனியே வாழ்பவை. இவற்றுக்கு இடையே தேனீயைப் போலவே உடுத்திக்கொண்டு வரும் மலர் ஈக்களும் இருக்கின்றன. தேனீக்கு இறக்கை நான்கு, ஈக்கு இரண்டு. வேகமாகப் பறக்கையில் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் நல்ல படத்தில் தெரிந்துவிடும்.

இனி படம் எடுக்கும் முறைக்கு வருவோம். முதல் விதி, தேனீயைத் துரத்தாதீர்கள். பூவின் அருகே காத்திருங்கள். துளசி, தும்பை, வெட்சி போன்றவற்றில் தேனீக்கள் மீண்டும் மீண்டும் வரும். துளசிக் கதிரில் பெரும்பாலும் கீழ்ப் பூவில் தொடங்கி மேலே ஏறும். ஆகவே அது இருக்கும் பூவை விட்டு, அடுத்து வரப்போகும் பூவில் குவியத்தை நிறுத்திக்கொள்வது நல்லது. திடீரென அசையாமல், உங்கள் நிழல் பூவின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே வெயிலும் மென்மையாக இருக்கும். நம் ஊரில் இடவப்பாதி மழைக்காலம் வந்தால் கேமராவை மூடி வைத்துவிடுபவர்கள் உண்டு. அது தேவையில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் அரை மணி நேரத்தில், அடைந்து கிடந்த தேனீக்கள் மொத்தமாகப் புறப்பட்டு வரும். மெல்லிய மேகத்தினூடே வரும் வெளிச்சம் படத்துக்கு மிகப் பொருத்தம்.

கருவியைப் பொறுத்தவரை, மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது; இல்லாதவர்கள் கைப்பேசியில் மாட்டும் சிறு மேக்ரோ லென்ஸை வைத்தே தொடங்கலாம். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே படம் எடுக்கும்போது தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூட இராது. எனவே லென்ஸைத் திருப்பிக்கொண்டிருக்காமல், குவியத்தை ஒரு தூரத்தில் நிலைநிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் எடுக்க வேண்டும். தேனீ வினாடிக்கு இருநூறு முறைக்கு மேல் இறக்கை அடிக்கிறது. வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தாலும் இறக்கை சற்றுக் கலங்கியே விழும். அதை நிறுத்த வேண்டுமானால் ஃப்ளாஷ் உதவும். அதன் முன்னால் ட்ரேசிங் பேப்பரை மறைத்தால் வெளிச்சம் மென்மையாகும்.

அழகான படத்துக்கு முகம் போதும். பயனுள்ள படத்துக்குப் பக்கவாட்டுத் தோற்றம் வேண்டும். மகரந்தம் உடலில் எங்கே ஒட்டியிருக்கிறது, பூவின் சூல்முடியில் அந்த இடம் படுகிறதா என்பது அதில்தான் தெரியும். இந்தியத் தேனீயின் பின்னங்காலில் மஞ்சள் உருண்டை இருக்கும். இலைவெட்டித் தேனீக்கோ வயிற்றின் அடிப்பக்கம் முழுதும் தூள் அப்பியிருக்கும்.

பாஷன் ஃப்ரூட் கொடி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அதன் பூவில் தேனீ மொய்த்தும் காய் பிடிக்கவில்லை என்பார்கள். பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். மகரந்தப் பைகளும் சூல்முடியும் குடை போல மேலே கவிந்திருக்க, தேனீ கீழே குள்ளமாக நடந்து தேனைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறது. அதன் முதுகுக்கும் சூல்முடிக்கும் நடுவே இடைவெளி. கருவண்டு வந்தால் அந்த இடைவெளி அடைபட்டு, முதுகில் மகரந்தம் தேய்கிறது. நாம் மரச்சட்டத்தைத் துளைக்கிறது என்று விரட்டும் அந்த வண்டுதான் அங்கே உண்மையான வேலைக்காரர்.

கத்தரியும் தக்காளியும் வேறு விதம். அவற்றின் மகரந்தம் நுனியில் துளையுள்ள குழல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நீலவரித் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கையை விரிக்காமல் தசைகளை மட்டும் அதிர வைக்கும். உப்புக் குப்பியைக் குலுக்கியது போல் தூள் கொட்டும். கைப்பேசியில் வீடியோ எடுத்தால் அந்த ‘ஙீ’ என்ற ஒலியும் பதிவாகும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

மூன்று நாள் உட்கார்ந்தும் யாருமே வரவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான். ஆனால் புடலையும் சுரையும் மாலையில் விரிபவை. அவற்றை நாடி வரும் அந்துப்பூச்சிகளைக் காண இருட்டிய பின் டார்ச்சுடன் போக வேண்டும். மற்றவற்றில் வெறுமை என்றால், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தொட்டுவிடலாம். கூடவே துளசி, தும்பை, கொடி ரோஸ் போன்றவற்றை ஓரத்தில் வளர்த்து விருந்தாளிகளை வரவழைக்கலாம். பூ விரிந்திருக்கும் நேரத்தில் மருந்து தெளிப்பதை நிறுத்த வேண்டும். இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளை வெளியிடங்களில் பயன்படுத்த ஐரோப்பிய யூனியன் 2018-ல் தடை விதித்தது, தேனீக்களைக் கருதித்தான்.

தேனீயை இழப்பது என்றால் என்ன என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1920-களில் அன்றைய திருவிதாங்கூரின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், சிறு விவசாயிகளுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். தெற்கே அது ஒரு குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைத் தாக்கும் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவி, கேரளத்தின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவை அழிந்தன. வளர்த்தவர்கள் வெறும் பெட்டிகளோடு நின்றார்கள். நம் நகரை அடுத்த வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியில் தேனீ ஆராய்ச்சி நடந்துவருவதால் இன்று ஆலோசனை கேட்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் நம் தெருவில் எந்தத் தேனீ மிஞ்சியிருக்கிறது என்பதை நாம்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

ஆகவே எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே புதைத்துவிடாதீர்கள். நாள், இடம், பூவின் பெயர் மூன்றையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் இட்டால், விவரம் தெரிந்தவர்கள் இனத்தைச் சொல்லித் தருவார்கள். பதிவும் நிலைத்து நிற்கும். அதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்குவது போன்ற குறுக்கு வழிகள் வேண்டாம். மலைத் தேனீயின் அடைக்கு அருகே கேமராவுடன் போகவே கூடாது. அது கூட்டமாகத் துரத்திக் கொட்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது, சுவர் விரிசலில் அந்தச் சிறு பிசின் குழாய் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் அந்த இடத்தை மட்டும் சிமெண்ட் வைத்து அடைக்காமல் விடச் சொல்லுங்கள். கொட்டாத, வாடகையும் கேட்காத குடித்தனக்காரர்கள் அவர்கள். நம் மாடியில் காய் பிடிப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.