நியாஸ் தீவுக்கு ஓர் அலைச்சறுக்குப் பயணம்



பினாங்கிலும் போர்ட் டிக்சனிலும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அலை என்பது கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போகும் ஒரு சாதுவான பொருள். மலாக்கா நீரிணைக்கு மேற்கே சுமத்ரா ஒரு நெடிய சுவர்போல நிற்பதே இதற்குக் காரணம். அந்தச் சுவருக்கு அப்பால், தென் துருவப் பகுதி வரை தடையேதும் இல்லாத இந்துமாக்கடல் கிடக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தள்ளி, அந்தத் திறந்த கடலை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் தீவுதான் நியாஸ். அதன் தென்கோடியில் லாகுண்ட்ரி என்றொரு குடாவும், அதையொட்டிச் சோராக்கே என்ற கடலோரமும் உள்ளன. பலகையின்மீது நின்றவாறே அலையில் வழுக்கிச் செல்லும் அலைச்சறுக்கு விளையாட்டில் ஈடுபட்டோர் உலகெங்கிலுமிருந்து தேடி வரும் இடம் இது.

நம் இளைஞர்களிலும் இப்போது பலர் இந்த விளையாட்டில் நாட்டங்கொண்டுள்ளனர். அவர்களுள் சிலராவது நியாசுக்குப் போக எண்ணுவர். போவது எப்படி என்பதைவிட, போவதற்கு முன் எவற்றையெல்லாம் யோசித்து வைக்க வேண்டும் என்பதையே இன்று பேசுவோம். ஏனெனில் இது உல்லாச விடுதிகள் வரிசையாக நிற்கும் கடற்கரை அன்று, கிராமக் கடற்கரை. அங்கே ஏதேனும் நேர்ந்துவிட்டால் உதவி வந்து சேர மணிக்கணக்காகும். சில வேளைகளில் நாள்கணக்கும் ஆகலாம். திட்டமிடுதல் என்பதில் பாதிக்கு மேல் இந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதுதான்.

முதலில் காலம். நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? வேலையிடத்தில் விடுப்பு எப்போது கிடைக்கும் என்று பார்த்து, அதற்கேற்ப ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். அலைச்சறுக்குப் பயணத்தில் இந்த முறை உதவாது. நாளைக் குறித்துத் தருவது கடல். நியாசில் அலை சிறப்பாக இருப்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அலை மிகப் பெரிதாக எழும். பழக்கம் குறைந்தவர்கள் அந்த மூன்று மாதங்களைத் தவிர்த்து, பருவத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ செல்வதே நல்லது என்பது நமது கருத்து.

அந்த மாதங்களில் மட்டும் அலை ஏன் வருகிறது? நியாஸ் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. அங்குக் காற்று பெரும்பாலும் மெல்லவே வீசும். அந்த அலையைக் கிளப்புவது உள்ளூர்க் காற்று அன்று. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் தெற்கே, தென்கோளத்தின் குளிர்காலத்தில், பெரும்புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றடிக்கின்றன. அவை கடல்நீரைக் கலக்கி எழுப்பும் அலைகள், புயலை விட்டுப் பிரிந்து, ஒழுங்குபட்டு வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. ஓர் அலையின் முகடு கடந்தபின் அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரத்தை அலைக்காலம் என்பர். 16 வினாடி அலைக்காலம் உடைய அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இன்று வீசும் புயலின் அலை, ஏறத்தாழ நான்கரை நாள் கழித்து லாகுண்ட்ரியின் கரையைத் தட்டும் என்பது கணக்கு. அலை வரும் நாளை முன்கூட்டியே சொல்ல முடிவது இதனால்தான்.

கடல்நிலை அறிக்கையைப் படிக்கும்போது நம்மவர் பலரும் அலையின் உயரத்தை மட்டுமே பார்க்கின்றனர். இது போதாது. இரண்டு மீட்டர் உயரமும் 8 வினாடி அலைக்காலமும் கொண்ட அலை ஒன்று; அதே இரண்டு மீட்டர் உயரத்தோடு 16 வினாடி அலைக்காலம் கொண்ட அலை மற்றொன்று. பெயரளவில் இரண்டும் ஒரே உயரம். ஆனால் முதலாவதன் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 100 மீட்டர். இரண்டாவதன் நீளமோ 400 மீட்டர். நீளமான அலை 200 மீட்டர் ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்கிவிடும். அது சுமந்து வரும் ஆற்றலும் மிகுதி. ஆகவே பவளப்பாறையை அடைந்ததும் அது சட்டென நிமிர்ந்து, அறிக்கை சொன்ன உயரத்தைவிட மிக உயர்ந்து உடையும். செராத்திங்கிலும் தியோமான் தீவின் ஜுவாராவிலும் வடகிழக்குப் பருவக்காற்றின்போது நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் குறுகிய அலைக்காலம் உடையவை, உடைவதும் மணலின்மீது. அங்கே இரண்டு மீட்டர் அலையைப் பார்த்துவிட்டேன் என்ற துணிச்சலில் நியாசின் இரண்டு மீட்டரை எதிர்கொள்வது, கம்பத்துச் சாலையில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய பழக்கத்தில் நெடுஞ்சாலை லாரியை ஓட்டப் புறப்படுவது போன்றதாகும்.

ஆகவே, ஒரு பருவக்காலமாவது நம் கிழக்குக் கரையில் பயின்ற பிறகே நியாசை நினைக்க வேண்டும். நீந்தத் தெரியாமல் பலகையை மட்டும் நம்பிப் போவது கூடவே கூடாது. காலோடு பலகையைப் பிணைக்கும் கயிறு அறுந்துபோவதும் உண்டு. அப்போது கரை சேர்ப்பவை நம் இரண்டு கைகளே. புதியவர்களுக்கு ஒரு நற்செய்தி: குடாவின் உட்புறத்தில் மணற்கரை இருக்கிறது. பெரிய அலை வெளிமுனையில் உடைந்துகொண்டிருக்க, இங்கே மென்மையான அலையே வந்து சேரும். நண்பர்கள் வெளியே போகிறார்கள் என்பதற்காக நாமும் போக வேண்டியதில்லை.

இனிப் பயணம். மேடானின் குவாலாநாமு விமான நிலையம் வரை நமக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து நியாசின் பெரிய பட்டணமான குனுங் சித்தோலிக்குச் சிறிய விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு தீவின் வடபகுதியிலிருந்து தென்கோடிக்குச் சாலை வழியே ஏறத்தாழ மூன்று மணி நேரம். சிறிய விமானங்களில் நீளமான பலகைக்கு இடமிருக்காது. எத்தனை அடிப் பலகையை ஏற்றுவார்கள் என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சுமத்ராவின் சிபோல்கா துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலிலும் போகலாம். அந்தச் சிபோல்காவுக்கு வடக்கே, அதே கரையில்தான் பாருஸ் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. கற்பூரத்திற்குப் பெயர்போன அந்த ஊருக்கு அருகில், லோபு துவாவில், தமிழ் வணிகக் குழுவினரான ஐந்நூற்றுவர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. பருவக்காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவர்கள் அவர்கள். கடலிடம் நாள் கேட்பது நமக்கொன்றும் புதிதல்ல போலும்!

பத்து நாள் விடுப்பில் போவதற்கும் வருவதற்கும் நான்கு நாளை ஒதுக்கிவிட வேண்டும். திரும்பும் விமானத்திற்கும் வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது கையில் இருக்கட்டும். மழை, மேகம், விமான ரத்து ஆகியவை தீவுப் பயணத்தில் சாதாரணம். ரொக்கமாக ரூப்பியா வைத்திருப்பது அவசியம். கடற்கரைக் கிராமத்தில் பண அட்டையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதங்களாவது செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.

லாகுண்ட்ரியின் அலை வெளியுலகுக்குத் தெரியவந்தது 1975ஆம் ஆண்டில். பீட்டர் டிராய், கெவின் லவட், ஜான் கீசல் என்ற மூன்று ஆஸ்திரேலியர்கள் அங்கு வந்து அலையேறினர். அவர்களுள் கீசல் மலேரியாவால் உடல் நலிந்து, ஓராண்டு முடிவதற்குள் இறந்துபோனார். பெருமையாகப் பேசப்படும் அந்தக் கதையில் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவோர் பலர். அலையைப் பற்றி அஞ்சுபவர் கொசுவைப் பற்றி அஞ்சுவதில்லை. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, தடுப்பு மாத்திரை தேவையா, எந்த மாத்திரை என்று கேட்டறிய வேண்டும். மலேரியாவைப் பரப்பும் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் பலகையைப் போலவே அத்தியாவசியமானவை.

அடுத்தது பவளப்பாறைக் காயம். நியாசில் அலையேறியவர்களில் காலிலோ முதுகிலோ கீறல் படாமல் திரும்பியவர் குறைவு. பவளம் கூர்மையானது மட்டுமன்று. அதன் நுண்ணிய துகள்கள் காயத்திற்குள் தங்கிச் சீழ்பிடிக்கச் செய்யும். கொதிக்க வைத்து ஆறிய நீரால் நன்றாகக் கழுவி, துகள்களை இடுக்கியால் எடுத்து, கிருமிநாசினி தடவிக் கட்ட வேண்டும். வலிக்கும்தான், பரவாயில்லை. காயம் ஆறும்வரை கடலில் இறங்காதிருப்பது இன்னும் கடினமான வைத்தியம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். தலையில் அடி, எலும்பு முறிவு என்றால் தீவைவிட்டு வெளியேற நேரிடும். வட சுமத்ரா மக்களே பெரிய நோய்களுக்குப் பினாங்கு மருத்துவமனைகளைத் தேடி வருகிறார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. அவசர விமானச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி எடுத்தோமா, அதில் அலைச்சறுக்கு விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறிய எழுத்துகளையும் படித்துப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது நில அதிர்ச்சி. 2005ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் இரவு, நியாஸ் அருகே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. நம் நாட்டிலும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து மக்கள் படியிறங்கி ஓடியது பலருக்கு நினைவிருக்கும். நியாசில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். தீவின் மேற்குக் கரையில் சில இடங்களில் நிலம் இரண்டு மீட்டருக்கும் மேலாக உயர்ந்து, நீருக்குள் இருந்த பவளம் வெயிலில் காய்ந்து மடிந்தது. லாகுண்ட்ரியின் பாறையும் உயர்ந்தது. அதனால் அலை முன்னைவிடச் செங்குத்தாகவும் வலுவாகவும் உடைகிறது என்று பழைய அலைச்சறுக்காளர் மகிழ்ச்சியோடு கூறுவர். அந்த மகிழ்ச்சியை அங்குள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் பேசாதிருப்பது நல்லது. அதே இரவில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அந்தத் தீவெங்கும் உள்ளன.

நியாசுக்கு வடமேற்கே சிமலுவே என்ற தீவு உண்டு. 1907ஆம் ஆண்டில் அங்கே நிலம் அதிர்ந்து, கடல் பின்வாங்கி, பிறகு பேரலையாகத் திரும்பி வந்தது. அன்று பிழைத்தவர்கள் அதற்குச் 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். 2004 டிசம்பர் 26இல் நிலம் அதிர்ந்தபோது, எவருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் தீவு மக்கள் மேட்டுக்கு ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் ஆழிப்பேரலைக்கு இரையானவர் 7 பேர் மட்டுமே. ஆகவே லாகுண்ட்ரியில் தங்கும் முதல் நாள் மாலையே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விடுதிக்காரரிடம் மேட்டுக்குப் போகும் வழியைக் கேட்டு, அந்த வழியில் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். இருட்டிலும் அது தெரிய வேண்டும். நிற்க முடியாதபடியோ நெடுநேரமோ நிலம் அதிர்ந்தால் பலகை, பை, கடப்பிதழ் எதையும் தேடாமல் கிளம்பிவிட வேண்டும். சங்கொலி வரும் என்று காத்திருக்கலாகாது.

மேட்டுக்குப் போகும் வழியைக் கேட்கும் சாக்கிலாவது ஊராரோடு பேச்சுத் தொடங்கட்டும். நியாஸ் மக்களுக்குத் தனிமொழி உண்டு. 'யாஹோவு' என்பது அவர்களுடைய வணக்கம். ஆயினும் இந்தோனேசிய மொழி எல்லோருக்கும் தெரியும். நம்முடைய மலாய் அங்கே தாராளமாகப் போதும். ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் கையசைத்துக் கேட்பதை நாம் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த வசதியை வீணாக்கக் கூடாது. எந்த இடத்தில் நீரோட்டம் வெளியே இழுக்கிறது, பாறை இடுக்கின் வழியாகக் கடலுக்குள் இறங்குவதற்கு எந்த அலைக்குப் பின் குதிக்க வேண்டும் என்பவற்றை உள்ளூர் இளைஞர் அறிந்த அளவுக்கு எந்தக் கடல் அறிக்கையும் அறியாது. முதல் நாள் அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து அவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தாலே பாதி பாடம் வந்துவிடும். அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம் என்பது விளையாட்டின் விதி. விருந்தினரான நாம் ஒன்றிரண்டு அலைகளை விட்டுக்கொடுப்பதால் குறைந்துவிட மாட்டோம்.

கடற்கரையில் குடும்பங்கள் நடத்தும் எளிய விடுதிகள் உள்ளன. அறை, சாப்பாடு, வண்டி ஆகியவற்றின் விலையை முதலிலேயே பேசி முடித்துவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்துவர். ஞாயிறு காலை தேவாலயம் நிறைந்திருக்கும். ஈரக் கால்சட்டையோடு கிராமத்துக்குள் நடக்காமல் ஒரு சாரோங்கைச் சுற்றிக்கொள்வது மரியாதை. அலை ஓய்ந்த நாளில் பாவோமாத்தாலுவோ என்ற மலைக்கிராமத்துக்குப் போய்வாருங்கள். கற்படிகள் ஏறிப் போனால், ஆணியின்றிக் கட்டிய பெரிய மரவீடுகளும், இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்த கல்லை இளைஞர்கள் தாண்டும் களமும் இருக்கின்றன. 1992இல் வெளியான ஆயிரம் ரூப்பியா தாளில் அந்தக் கல்தாண்டுதலே படமாக இருந்தது.

வீடு திரும்பியபின் ஒன்று மறந்துபோகும். மலேரியா உடம்புக்குள் வாரக்கணக்கில், ஒரு வகை மாதக்கணக்கிலும்கூட, பதுங்கியிருக்கும். திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் போய், நியாசுக்குப் போய்வந்தேன் என்று நீங்களே முதலில் சொல்ல வேண்டும். அவர் கேட்கட்டும் என்று இருந்தால் கேட்கமாட்டார். இரத்தப் பரிசோதனை அன்றைக்கே செய்யப்பட வேண்டும்.