உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டரை அணைப்பதா, உறங்கவிடுவதா?

● அத்திப்பட்டு அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஹாட் ஸ்டார்ட்', 'கோல்ட் ஸ்டார்ட்' இரண்டும் பழகிய சொற்கள். சூடு ஆறாத யூனிட்டைச் சீக்கிரம் ஓட்டிவிடலாம். முழுக்க ஆறிவிட்டால் பாய்லரையும் டர்பைனையும் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். பல மணி நேரம் பிடிக்கும். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இப்படிப் படிகள் உண்டு: ஸ்லீப், ஹைபர்னேட், ஷட் டவுன்.

● ஸ்லீப்பில் போட்டால், திறந்து வைத்த வேலையெல்லாம் ரேமில் கிடக்கும். ரேமுக்குக் கரண்ட் இருக்கும்வரைதான் ஞாபகம். ஹைபர்னேட் அதே வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு இயந்திரத்தை அணைத்துவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கினாலும் வேலை போகாது. மழைக்காலத்தில் திருவொற்றியூர் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை வெறும் ஸ்லீப்பில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

● 70 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை அணைக்காமல் 60 நாள் விட்டால் 100.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை அது ஒன்றே தின்றுவிடும்! ஸ்லீப்பில் 2 வாட் என்று வைத்தால் அதே 60 நாளுக்கு 3 யூனிட்டுக்குள். ஹைபர்னேட்டும் ஷட் டவுனும் இந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான்.

● தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறீர்களா? டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து 'அப் டைம்' எவ்வளவு என்று பாருங்கள். பதினைந்து நாள், இருபது நாள் என்று காட்டலாம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் ஃபைல்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை மட்டும் ஹைபர்னேட் செய்துவிடும். நிஜமான கோல்ட் ஸ்டார்ட் ரீஸ்டார்ட்டில்தான் நடக்கிறது. இயந்திரம் திணறும்போது "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று மெக்கானிக் சொல்வது சும்மா இல்லை. வாரம் ஒரு தடவை செய்யுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையும்.

● பவர் மெனுவில் ஹைபர்னேட்டைக் காணோமா? பல இயந்திரங்களில் மறைந்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டால் வந்துவிடும்.

● "ஹைபர்னேட் தினம் டிஸ்க்கில் எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே" என்று பயப்படுகிறார்கள். 8 ஜிபி ரேம் உள்ள இயந்திரம் ஒரு தடவைக்கு 3 ஜிபி எழுதுவதாக வைத்தாலும், வருஷத்துக்கு ஒரு டெராபைட் சொச்சம். சாதாரண எஸ்எஸ்டிக்கே பல பத்து டெராபைட் எழுதக் கம்பெனி உத்தரவாதம் உண்டு. கவலை வேண்டாம்.

● இடி மின்னலுக்கு ஹைபர்னேட், ஷட் டவுன் என்ற பேதம் கிடையாது. பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றி வைப்பதுதான் காப்பு.

● 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஸ்லீப்பில் கிடக்கும் லேப்டாப் அத்தனை நாளில் பேட்டரியைக் குடித்து முடித்துவிடும். ஹைபர்னேட்டில் இருந்தால் அப்படியே இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: புயல் எச்சரிக்கை வந்ததும் ஹைபர்னேட் கொடுங்கள், ஒயர்களைக் கழற்றுங்கள், சிபியூவைப் பரணில் ஏற்றுங்கள். தண்ணீர் வடிந்து, சுவரும் ஸ்விட்ச் போர்டும் காய்ந்து, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகு பட்டனை அழுத்தினால், பிள்ளை பாதியில் விட்ட பிராஜெக்ட் அதே வரியில் நிற்கும்.