பழுதான பொருளும் மூன்று மாதக் கெடுவும்: பாவனையாளர் அறிந்திருக்க வேண்டியவை

“இன்னும் ரெண்டு கிழமை பொறுத்து வாங்கோ, கொழும்பில இருந்து சாமான் வரவேணும்.” பழுதான குளிர்சாதனப் பெட்டியோடோ கைத்தொலைபேசியோடோ கடைப்படி ஏறிய பலருக்கும் இந்தப் பதில் பழக்கமானது. கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம். ஆனால் இந்தக் காத்திருப்பில்தான் சட்டம் தந்துள்ள ஒரு முக்கியமான வாய்ப்புக் கைநழுவிப் போகிறது.

கிளிநொச்சியில் வீட்டோடு சிறு கடை நடத்தும் ஒரு பெண் தவணை முறையில் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதமே அது குளிர்விப்பதை நிறுத்திவிடுகிறது. சோடாவும் தயிரும் விற்று வந்த வருமானம் நின்றுபோகிறது. தவணைப் பணம் மட்டும் நிற்பதில்லை. எல்லாவற்றையும் இழந்து மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்த குடும்பங்களுக்கு இது சிறிய இழப்பு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இத்தகையவர்களுக்கானது. உற்பத்தியாளரோ வணிகரோ வழங்கிய உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. விற்பனையிலேயே உட்கிடையாக அடங்கிய உத்தரவாதமும் இதில் சேரும். விசாரணையின் பின்னர் இழப்பீடு வழங்கும்படியோ, பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ அதிகாரசபை உத்தரவிடலாம். “விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று கடையில் தொங்கும் பலகை இந்த அதிகாரத்தை இல்லாமற் செய்யாது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது காலக்கெடு. முறைப்பாடு எழுத்து மூலம், பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். பழுது தெரியவந்த நாளிலிருந்தோ, திருத்தி வாங்கிய நாளிலிருந்தோ அல்ல. உத்தரவாத அட்டையில் ஒரு வருடம் எனப் போட்டிருந்தாலும் இந்தக் கெடு மாறாது. கடைக்காரர் தவணை சொல்லச் சொல்ல அது கரைந்துகொண்டே போகும்.

வாங்கும்போது

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வணிகரின் கடமை என அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. உத்தரவாத அட்டையில் விற்ற திகதி, பொருளின் தொடர் இலக்கம், கடையின் முத்திரை ஆகியன உள்ளனவா எனப் பாருங்கள். சில கடைகளில் ஒரு வருடம் என்பதை 350 நாட்கள் எனச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கைத்தொலைபேசி என்றால் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா எனச் சரிபாருங்கள்.

கடைகளில் அச்சிட்டுத் தரும் மெல்லிய பற்றுச்சீட்டு சில மாதங்களில் வெளிறிவிடும். அன்றே பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பையில் கட்டிக் காத்தவர்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பழுதானால்

முதலில் விற்ற கடைக்கே செல்லுங்கள். வெளியில் கொடுத்துக் கழற்றினால் அதையே காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பார்கள். பொருளை ஒப்படைக்கும்போது திகதியும் பழுதும் குறித்த சீட்டு ஒன்றைப் பெறுங்கள். இழுத்தடித்தால், பழுதையும் நீங்கள் கோருவதையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள்.

அதற்கும் பயனில்லையென்றால், மூன்று மாதம் முடியும்வரை காத்திராமல் மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகாரசபையின் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் விபரம் கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடக் கூடாது. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடிதம் ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ்.

தவணை முறையில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம். பொருளைப் பறித்துச் செல்ல அதுவே காரணமாகிவிடலாம். ஒப்பந்தத்தைக் காட்டி முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள். மூன்று மாதம் கடந்துவிட்டாலும் உத்தரவாதம் கடையைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதிதான். அப்போது நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவியைக் கேட்கலாம்.

கடைக்காரரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. பற்றுச்சீட்டில் உள்ள திகதியைப் பார்த்து, மூன்று மாதம் முடியும் நாளை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.